மகளின் மணிக்கட்டு: சுளுக்குத்தான் என்று முடிவு செய்வதற்கு முன்

டெல்டா மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது. நான்காம் வகுப்புப் படிக்கும் அவருடைய ஒன்பது வயது மகள், சென்ற சனிக்கிழமை மாலை தெருவில் சைக்கிள் ஓட்டும்போது சறுக்கி, வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றியபடி விழுந்திருக்கிறாள். சற்று நேரம் அழுதவள் பிறகு விரல்களை மடக்கி நீட்டிக் காட்டியதால், எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, சுளுக்குத்தான் என்று வீட்டில் முடிவு செய்து, மாமியார் எண்ணெயைச் சூடாக்கி அழுத்தி நீவியிருக்கிறார். இரவில் வீக்கம் கூடிவிட்டது. திங்கட்கிழமை பக்கத்துக் கிளினிக்கில் கிரேப் பேண்டேஜ் சுற்றி, வலிக்கு ஒரு சிரப் கொடுத்து, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே கோணத்தில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தைப் பார்த்த மருத்துவர் முறிவு இல்லை என்று சொல்லிவிட்டார். படம் எடுத்த இடத்தில் இருந்த உதவியாளரோ, மணிக்கட்டுக்குச் சற்று மேலே குறுக்காகத் தெரிந்த கருங்கோட்டைக் காட்டி, "விரிசல் மாதிரி இருக்கிறதே" என்றாராம்.

ஆறு நாள்கள் ஆகிவிட்டன. வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. ஆனால் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருக முடியவில்லை, தரையிலிருந்து எழும்போது இடது கையைத்தான் ஊன்றுகிறாள், இடக்கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறாள், பென்சிலைத் தொடுவதில்லை. கைப்பேசியில் விளையாட மட்டும் அதே வலது கை வந்துவிடுகிறது என்பதால், காலாண்டுத் தேர்வுக்குப் பயந்து நடிக்கிறாள் என்கிறார் கணவர். பக்கத்து ஊரில் சுளுக்கு வழிப்பவரிடம் கூட்டிப் போகலாம், இல்லையென்றால் பச்சிலைக் கட்டுப் போட்டுவிடலாம் என்கிறார் மாமியார். எம்.ஆர்.ஐ. எடுத்துவிடு என்கிறார் தோழி. இன்னொரு எக்ஸ்ரே எடுத்தால் கதிர்வீச்சு கெடுதல் செய்யுமா, கையின் வளர்ச்சி நின்றுவிடுமா, கால்சியம் மருந்து வாங்கிக் கொடுக்கலாமா, இரண்டு ஆண்டுகளாகப் பழகிவரும் சிலம்பத்துக்கு எப்போது அனுப்பலாம் என்று பல கேள்விகளை அவர் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கையைத் தொட்டுப் பார்க்காமல், படத்தையும் காணாமல், இதுதான் நோய் என்று கடிதத்தில் எழுதுவது முறையாகாது. ஆனாலும் நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் சிறு விவரங்கள், குறிப்பாக மூடியைத் திருக முடியாததும் எழும்போது அந்தக் கையை ஊன்றாததும், எக்ஸ்ரேயைப் போலவே மருத்துவருக்குப் பயன்படும் செய்திகள். அவற்றை வைத்துப் பார்க்கும்போது, இதைச் சுளுக்கு என்று எழுதி மூடிவிடும் நிலை இன்னும் வரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு குழந்தை கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு வீங்கி, ஆறாம் நாளும் அதில் பாரம் கொடுக்க மறுத்தால், எலும்பில் அடி இல்லை என்பது உறுதியாகும்வரை எலும்பில் அடி இருப்பதாகவே வைத்துக்கொண்டு அந்தக் கையைப் பாதுகாப்பதுதான் சரியான வழி. இதில் நீங்கள் அஞ்சும்படி எதுவும் இல்லை. இந்த வயதில் மணிக்கட்டில் ஏற்படும் காயங்களில் பெரும்பாலானவை, சுளுக்கோ விரிசலோ எதுவானாலும், சில வாரங்களில் சுவடில்லாமல் ஆறிவிடும்.

குழந்தையின் மணிக்கட்டு பெரியவர்களுடையதைப் போன்றதல்ல

சுளுக்கு என்பது எலும்பையும் எலும்பையும் இணைக்கும் தசைநார் அளவுக்கு மீறி இழுபட்டு நைந்துபோவது அல்லது கிழிவது. நீங்களோ நானோ கையை ஊன்றி விழுந்தால் அந்த நார் பாதிக்கப்பட நல்ல வாய்ப்பு உண்டு. வளரும் குழந்தைக்கு நிலைமை வேறு. முன்கை எலும்பின் முனைக்குச் சற்று உள்ளே, எலும்பு நீளமாக வளர்வதற்கான குருத்தெலும்புத் தட்டு ஒன்று இருக்கிறது. வளர்ச்சித் தட்டு என்று சொல்லப்படும் இது, சுற்றியிருக்கும் தசைநார்களைவிட வலிமை குறைந்தது. ஆகவே விழும்போது வரும் விசை நாரைக் கிழிப்பதற்கு முன்பே இந்தத் தட்டையோ அதற்கு மேலே உள்ள இளம் எலும்பையோ பாதித்துவிடுகிறது. குழந்தைகளின் எலும்பு முறிவுகளில், முன்கையின் கட்டைவிரல் பக்கத்து எலும்பான ஆரை எலும்பின் மணிக்கட்டை ஒட்டிய முனைதான் மிக அதிகமாக அடிபடும் இடம்.

குழந்தை எலும்பு உடையும் விதமும் தனி. அது பெரியவர்களின் எலும்பைப் போலப் பட்டென்று இரண்டாவதில்லை. பப்பாளி இலையின் காம்பை இரு முனையிலும் பிடித்து அழுத்தினால் நடுவில் ஒரு பக்கம் புடைத்து நெளியுமே, அப்படி எலும்பின் ஒரு பக்கம் மட்டும் நசுங்கிப் புடைக்கும். நெளிவு முறிவு என்று சொல்லத்தக்க இந்த வகையில் கை கோணலாகத் தெரியாது, வீக்கமும் சிறிதாகவே இருக்கும். குழந்தை இரண்டு நாள் முனகிவிட்டு ஓரளவு விளையாடவும் செய்யும். சுளுக்கு என்று வீட்டிலேயே விட்டுவிடப்படும் முறிவுகளில் இதற்குத்தான் முதலிடம்.

இதற்காகக் குழந்தைகளுக்குச் சுளுக்கே வராது என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். வருகிறது, குறிப்பாகப் பதின்வயதை நெருங்கும்போது கூடுதலாக வருகிறது. எலும்பைப் பார்த்து விலக்கிய பிறகு கடைசியாகச் சொல்ல வேண்டிய முடிவு அது.

விரல் அசைவதும் கைப்பேசி விளையாட்டும்

விரல்கள் அசைந்தால் எலும்பு உடையவில்லை என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் நம்பிக்கை. விரல்களை இயக்கும் தசைகள் முழங்கைக்கு அருகில் தொடங்குகின்றன. தசையை எலும்போடு இணைக்கும் அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குப் போகின்றன. ஆரை எலும்பில் நெளிவோ விரிசலோ இருந்தாலும் அந்த நாண்கள் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். விரல் அசைவதும் தொடுவுணர்வு இருப்பதும் நரம்பும் இரத்த ஓட்டமும் நன்றாக இருப்பதைக் காட்டும் நல்ல அடையாளங்கள். எலும்பின் நிலையை அவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

உங்கள் கணவரின் சந்தேகத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் தட்டுவதற்கு மணிக்கட்டில் பாரமே ஏறுவதில்லை. பென்சிலை அழுத்திப் பிடித்துப் பத்து வரி எழுத வேண்டுமானால் மணிக்கட்டு சற்றுப் பின்னோக்கி மடங்கி, அந்த நிலையிலேயே உறுதியாக நிற்க வேண்டும். முதலாவது முடிந்து இரண்டாவது முடியாமல் போவது அடிபட்ட கைக்கு இயல்பானதே. நடிக்கும் குழந்தை, யாரும் பார்க்காதபோது தரையிலிருந்து எழ எந்தக் கையை ஊன்றுவது என்று யோசித்துக்கொண்டிருக்காது. தேர்வு பயமும் கூடவே இருக்கலாம்தான். இருந்தால் அதைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். வலியைச் சோதிக்க, "எங்கே, இதைத் தூக்கு பார்க்கலாம்" என்று அவளைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். முடிவு சொல்வதற்காக அல்ல, மருத்துவரிடம் தெளிவாகச் சொல்வதற்காக. மகளை உட்காரவைத்து இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். வலிக்காத இடத்திலிருந்து, அதாவது முழங்கைப் பக்கத்திலிருந்து, ஒரே ஒரு விரல் நுனியால் எலும்பின் மேல் மெல்ல அழுத்திக்கொண்டே கீழே வாருங்கள். வலிக்கிறதா என்று கேட்காதீர்கள். கேட்டால் எல்லா இடத்திலும் வலிக்கிறது என்றோ எங்குமே வலிக்கவில்லை என்றோ பதில் வரும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே முகத்தைப் பாருங்கள். புருவம் சுருங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து ஒன்றிரண்டு விரற்கடை மேலே, கட்டைவிரல் பக்கத்து எலும்பின் மேலேயே வலித்தால் ஆரை எலும்பின் மீது சந்தேகம் போக வேண்டும். கட்டைவிரலை விரித்து நீட்டும்போது அதன் அடியில் ஒரு சிறு குழி விழுமே, அந்தக் குழிக்குள் வலித்தால், படகு எலும்பு என்னும் சிறிய மணிக்கட்டு எலும்பைப் பற்றி யோசிக்க வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்த முறிவு அரிது. ஆனாலும் முதல் எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்வதில் அது பேர்போனது. முழங்கையையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அங்கேயும் வலி இருந்தால் படம் முழங்கைவரை எடுக்க வேண்டியிருக்கும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வைத்திருப்பவர்களுக்காக இந்த இடத்தில் ஒரு குறிப்பு. சின்னக் குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்தோ தூக்கியோ விட்ட பிறகு, அது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அசைக்க மறுத்தால், பெற்றோர் மணிக்கட்டுச் சுளுக்கு என்று சொல்லித்தான் அழைத்து வருவார்கள். பல சமயம் நழுவியிருப்பது முழங்கையில் உள்ள ஆரை எலும்பின் தலை. மருத்துவர் சில நொடிகளில் அதைச் சரிசெய்துவிடுவார். குழந்தையும் சற்று நேரத்தில் அந்தக் கையை நீட்டிப் பொம்மையை வாங்கிக்கொள்ளும்.

படத்தில் தெரிந்த கருங்கோடு

அந்த உதவியாளர் காட்டியது பெரும்பாலும் வளர்ச்சித் தட்டாகவே இருக்கும். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் வெள்ளையாகப் பதியாது என்பதால், எலும்பின் முனைக்குக் குறுக்கே ஒரு கருங்கோடாகத் தோன்றும். ஒன்பது வயதில் எல்லாக் குழந்தைக்கும், இரண்டு கைகளிலும், அந்தக் கோடு இருக்கும். வளர்ச்சி முடியும் பருவத்தில்தான் அது மறையும். சந்தேகம் இருந்தால் மறு கையையும் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. ஆகவே கோடு இருக்கிறது என்பதால் விரிசல் என்று பொருளல்ல. அந்தக் கோட்டின் மேலேயே விரல் வைத்தால் வலிக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தட்டின் வழியாக ஏற்படும் சில காயங்கள் எலும்பை நகர்த்தாமல் இருந்தால் முதல் நாள் படத்தில் எதையும் காட்டாது. வளர்ச்சித் தட்டு முறிவுகளை 1963-இல் சால்ட்டர், ஹாரிஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இன்றும் உலகெங்கும் அந்தப் பகுப்பே வழக்கில் இருக்கிறது. அதில் முதல் வகைக்கும் ஐந்தாம் வகைக்கும் இப்படி மறைந்து நிற்கும் குணம் உண்டு.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய செய்தி, ஒரே கோணத்தில் ஒரே படம் எடுக்கப்பட்டது என்பது. மணிக்கட்டுக்கு நேர்ப்படம், பக்கவாட்டுப் படம் என்று குறைந்தது இரண்டு வேண்டும். மேலே சொன்ன நெளிவு முறிவு நேர்ப்படத்தில் ஒன்றும் இல்லாததுபோல் இருந்துவிட்டு, பக்கவாட்டுப் படத்தில் மட்டும் சிறு மேடாகத் தெரியும் சந்தர்ப்பங்கள் நிறைய. எனவே முறிவு இல்லை என்ற அந்த மருத்துவரின் முடிவைத் தவறு என்று நான் சொல்லவில்லை. அது பாதிப் படத்தை வைத்துச் சொல்லப்பட்ட முடிவு, அவ்வளவுதான்.

கதிர்வீச்சைப் பற்றிய உங்கள் பயத்துக்கு இங்கே இடமில்லை. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நம் எல்லோர் மீதும் அன்றாடம் படும் இயற்கைக் கதிர்வீச்சின் ஒரு நாள் அளவைவிட, ஒரு மணிக்கட்டு எக்ஸ்ரேயின் அளவு குறைவு. கதிர்வீச்சே இல்லாத எம்.ஆர்.ஐ.க்கு வேறு வகையில் விலை கொடுக்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய் செலவு, அசையாமல் வெகுநேரம் படுத்திருக்கும் சிரமம். இப்போது அதைச் செய்வதால் சிகிச்சை மாறப்போவதில்லை. இரண்டாம் முறை எடுத்த படங்களிலும் காரணம் புலப்படாமல், மூன்று நான்கு வாரங்கள் கழித்தும் வலி தொடர்ந்தால், அல்லது படகு எலும்பின் மீது சந்தேகம் வலுத்தால், அப்போது எம்.ஆர்.ஐ.யைப் பற்றி யோசிக்கலாம்.

நீவுவதும் பச்சிலைக் கட்டும்

உங்கள் மாமியார் பேத்தியின் மீதுள்ள பாசத்தால்தான் நீவினார். அதைக் குற்றமாகப் பேசி வீட்டில் மனக்கசப்பை வளர்த்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இனி யாரும் அந்தக் கையை நீவவோ, இழுக்கவோ, நெட்டி முறிக்கவோ கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள்களில் உள்ளே சிறு இரத்தக் குழாய்கள் கசிந்துகொண்டிருக்கும். அப்போது சூடு காட்டுவதும் அழுத்தித் தேய்ப்பதும் அந்தக் கசிவைக் கூட்டும். அன்றிரவு வீக்கம் அதிகமானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதைவிட முக்கியமானது, அடிபட்ட வளர்ச்சித் தட்டின் மேல் மீண்டும் மீண்டும் விசை கொடுத்தால், நகராமல் இருந்த முறிவு நகரக்கூடும் என்பது. முழங்கைக் காயங்களில் நீவியதன் பின் தசைக்குள்ளேயே எலும்பு படிந்து மூட்டு இறுகிப்போவதை எலும்பு மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். வலியெல்லாம் அடங்கிய பிறகு, அழுத்தாமல் தோலின் மேல் எண்ணெய் தடவிவிடுவதால் கெடுதல் இல்லை. நன்மையும் பெரிதாக இல்லை. பாட்டியின் கை பட்டது என்ற ஆறுதல் குழந்தைக்குக் கிடைக்கும்.

கட்டைப் பொறுத்தவரை, இலையோ முட்டை வெள்ளையோ பெரிய ஆபத்தல்ல. மூங்கில் பட்டையை வைத்து இறுக்கிச் சுற்றி, வாரக்கணக்கில் அவிழ்க்கக் கூடாது என்று அனுப்பிவிடுவதுதான் ஆபத்து. உள்ளே வீக்கம் கூடும்போது கட்டு விரிந்துகொடுக்காது; தசைக்குப் போகும் இரத்த ஓட்டம் நெரிபடும். சில மணி நேரம் அப்படி நீடித்தால் தசை செத்து, விரல்கள் மடங்கியபடியே நிலைத்துவிடும். 1881-இல் வோல்க்மன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் விவரித்த இந்த முடக்கம் இன்றைக்கும் நம் மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டும் இறுகினால் இதே தீங்கைச் செய்யும். அதனால்தான் வீக்கம் உள்ள முதல் நாள்களில் முழுக்கட்டைத் தவிர்த்து, ஒரு பக்கம் மட்டும் தாங்கும் ஸ்லாப் வைப்பார்கள், மறுநாள் வந்து காட்டச் சொல்வார்கள், விரல் மரத்தால் நள்ளிரவானாலும் வா என்று எழுதிக் கொடுப்பார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

நாளையோ மறுநாளோ, ஓர் எலும்பு மூட்டு மருத்துவரிடம் அவளைக் காட்டுங்கள். உங்கள் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அந்தப் பிரிவு இருக்கும்; பணம் செலவழித்துப் பெருநகரத்துக்கு ஓட வேண்டிய காயம் இதுவல்ல. முதல் படத்தையும் அதன் அறிக்கையையும் கையில் எடுத்துப் போங்கள். படம் கிளினிக்கிலேயே தங்கிவிட்டது என்றால் தயங்காமல் கேளுங்கள். நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நன்னடத்தை விதிகளில் உள்ளது. பக்கவாட்டுப் படம் எடுக்கப்படவில்லை என்பதை நீங்களே மரியாதையாக நினைவூட்டலாம். எந்த நல்ல மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு படங்களிலும் எதுவும் தெரியாமல், எலும்பின் மேல் வலி மட்டும் இருந்தால், அனேகமாகக் கழற்றி மாட்டக்கூடிய மணிக்கட்டு ஸ்பிளிண்ட் ஒன்றைக் கொடுத்து, அடிபட்ட நாளிலிருந்து பத்து முதல் பதினான்கு நாள்களுக்குள் மறுபடி வரச் சொல்வார். அப்போது எடுக்கும் படத்தில், முறிவு இருந்திருந்தால், அது ஆறத் தொடங்கியதன் அடையாளமாகப் புது எலும்பின் மெல்லிய படிவு தெரியும். வலியே இல்லையென்றால் அந்தப் படமும் தேவைப்படாமல் போகலாம்.

நெளிவு முறிவு என்று தெரியவந்தாலும் கலங்காதீர்கள். 2022-இல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று, இத்தகைய முறிவுள்ள 4 முதல் 15 வயது வரையிலான 965 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மென்மையான பேண்டேஜும் மற்றொரு குழுவுக்கு உறுதியான கட்டும் கொடுத்துப் பார்த்தது. மூன்றாம் நாள் வலியிலும், ஆறு வாரங்களில் கை பழைய நிலைக்குத் திரும்பியதிலும் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. நம் ஊரில், நெரிசலான பள்ளி வேனில் போய்வரும் குழந்தைக்கு மூன்று வாரம் ஸ்பிளிண்ட் இருப்பது நல்லது என்பது என் சொந்தக் கருத்து. மற்றவர்கள் தெரியாமல் இடிப்பதிலிருந்து அது காக்கும். ஆசிரியருக்கும் கண்ணில் படும்.

ஸ்பிளிண்ட் வாங்கும்போது அளவைப் பாருங்கள். மருந்துக் கடைகளில் பெரும்பாலும் பெரியவர்களுக்கானதே தொங்கும். மாட்டிய பிறகு விரல்களின் அடிமூட்டுகள் வெளியே இருந்து, முழுதாகக் கைமுட்டி மடக்க முடிய வேண்டும். வளையலையும் மோதிரத்தையும் இன்றே கழற்றிவிடுங்கள். மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருந்தால் அதை அவிழ்த்து இடது கைக்கு மாற்றுங்கள். வீங்கிய கையில் அந்த மெல்லிய கயிறு தோலில் பதிந்து நிற்கும். இப்போது சுற்றியிருக்கும் கிரேப் பேண்டேஜ் இறுக்கமா என்று தெரிந்துகொள்ள, அவளுடைய ஒரு விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். கையைத் தொங்கவிடாமல் தலையணை மேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்திருப்பது வீக்கம் வடிய உதவும். ஐஸ் ஒத்தடம் முதல் இரண்டு நாள்களுக்கே மிகவும் பயன்படும். இப்போதும் மாலையில் வலித்தால் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். தோலில் நேரடியாக வைக்க வேண்டாம்.

மருந்தைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வீடுகளில் தவறு நிகழ்வது இங்கேதான். பாராசிட்டமால், எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேற்படாமல் கொடுக்கலாம். உங்கள் மகள் 25 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வேளைக்கு 375 மில்லிகிராம். சிரப் இரண்டு செறிவுகளில் பரவலாகக் கிடைக்கிறது: 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 250 மில்லிகிராம் உள்ளது மற்றொன்று. இரண்டாவதில் 7.5 மில்லி கொடுத்தால் சரியான அளவு. முதலாவதில் அதே 7.5 மில்லி தேவையான அளவில் பாதிகூட ஆகாது. அட்டையைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். கிளினிக்கில் கொடுத்த சிரப்பில் இபுப்ரோஃபென் என்ற வேறொரு வலி மருந்தும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதனுடன் தனியாகப் பாராசிட்டமாலும் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் வந்து டெங்கு சந்தேகம் எழுந்தால் இபுப்ரோஃபெனை நிறுத்திவிட வேண்டும். பழைய நிமெசுலைடு மருந்து அலமாரியில் கிடந்தால் தூக்கி எறியுங்கள். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைத் தரக் கூடாது என்று இந்தியாவில் 2011-இலேயே தடை விதிக்கப்பட்டுவிட்டது.

கால்சியம் சிரப், நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்கு எலும்பை விரைவாக ஒட்டவைக்காது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. மாமியாரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். எளிய விழுதலுக்கே எலும்பு மறுபடி மறுபடி முறியும் குழந்தைக்கும், இரண்டு மணிக்கட்டும் அடிபடாமலே தடித்துத் தெரியும் குழந்தைக்கும்தான் வைட்டமின் டி சோதனையும் மருந்தும் வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழே சொல்பவற்றில் எது தெரிந்தாலும் நாள் பார்க்காமல், இரவானாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்: மணிக்கட்டு வளைந்து கோணலாகத் தெரிவது, விரல்கள் வெளுப்பது, நீலம் பாய்வது, சில்லிடுவது, மரத்துப்போவது, மருந்து கொடுத்தும் வலி மணிக்கு மணி கூடுவது, விரல்களை நீங்கள் மெல்ல நிமிர்த்தும்போது குழந்தை அலறுவது, காயத்தின் வழியே எலும்போ ஆழமான கிழிசலோ தெரிவது. கட்டு இருக்கும்போது விரல் மரத்தால், மருத்துவமனைக்குப் புறப்படும் முன்பே பேண்டேஜைத் தளர்த்திவிடுங்கள். விழாமலே மணிக்கட்டு வீங்கிச் சிவந்து, கூடவே காய்ச்சலும் இருந்தால், அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம். அதற்கும் இதே அவசரம் உண்டு.

வளர்ச்சி நின்றுவிடுமா?

ஆரை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு மணிக்கட்டுப் பக்கத்துத் தட்டில்தான் நடக்கிறது என்பதால் உங்கள் கவலை அர்த்தமற்றதல்ல. ஆனால் நகராத காயங்களில் வளர்ச்சி பாதிக்கப்படுவது மிகக் குறைவு. தட்டு நகர்ந்த முறிவுகளிலும், பலமுறை இழுத்து நேராக்க முயன்றவற்றிலும்தான் அந்த ஆபத்து கூடுகிறது. வளர்ச்சித் தட்டில் முறிவு என்று உறுதியானால், வலி போன பிறகும் ஆறு மாதம், ஓர் ஆண்டு என்று ஒன்றிரண்டு முறை வந்து காட்டச் சொல்வார்கள். வலிதான் இல்லையே என்று அந்தத் தேதிகளைத் தவறவிடாதீர்கள். தட்டின் ஒரு பகுதி மூடிக்கொண்டால் வலி தெரியாது. எலும்பு மெல்லச் சாய்வது படத்தில்தான் முதலில் தெரியும்.

பள்ளிக்கூடமும் சிலம்பமும்

நான்காம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு பள்ளியே நடத்துவது. மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, வாய்மொழியாகக் கேட்கவோ, மகள் சொல்ல ஒருவர் எழுதவோ, பிறகு வைக்கவோ கேளுங்கள். அந்த வயதில் அதை மறுக்கும் பள்ளிகள் குறைவு. இந்த ஏற்பாடு முடிந்ததும், தேர்வுக்குப் பயந்து நடிக்கிறாள் என்ற பேச்சும் வீட்டில் தானாக அடங்கிவிடும்.

ஸ்பிளிண்ட் போட்டிருக்கும் நாள்களிலும் விரல்கள், முழங்கை, தோள் ஆகியவற்றை ஒரு நாளில் பலமுறை முழுதாக அசைக்கச் சொல்லுங்கள். வெறும் சுளுக்கு என்றால் இலேசானது ஒன்றிரண்டு வாரங்களிலும், நார் ஓரளவு கிழிந்தது நான்கு முதல் ஆறு வாரங்களிலும் தேறும். நெளிவு முறிவுக்கு மூன்று வாரங்கள் போதும். மருத்துவர் கழற்றச் சொன்ன பிறகு, வெதுவெதுப்பான நீரில் கையை அமிழ்த்தி மணிக்கட்டை மேலும் கீழும் மடக்குவதும், உள்ளங்கையை மாற்றி மாற்றி மேலேயும் தரையையும் பார்க்கத் திருப்புவதும் முதல் வாரத்துக்குப் போதும். பிறகு ஈரப் பஞ்சைப் பிழிவது, அடுத்துச் சப்பாத்தி மாவு பிசைவது. மாவு பிசைவதைப் பயிற்சி என்று சொல்லாமல் வேலையாகக் கொடுங்கள். எத்தனை முறை செய்தாய் என்று கேட்கவே தேவையிருக்காது.

சிலம்பம் கடைசியில் வர வேண்டும். கம்பு சுற்றுவதில் மணிக்கட்டு ஒவ்வொரு சுற்றிலும் திரும்புகிறது. கம்பு கம்பில் மோதும் அதிர்வும் நேரே அதில்தான் இறங்குகிறது. அடிபட்ட இடத்தை அழுத்தினால் வலி இருக்கக் கூடாது. இரண்டு மணிக்கட்டும் ஒரே அளவுக்கு மடங்க வேண்டும். பிடியின் வலிமை இரு கைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சுவரில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றித் தள்ளும்போதும், பின்னர் தரையில் ஊன்றி எழும்போதும் முகம் சுளிக்கக் கூடாது. இவை நிறைவேற ஆறு வாரம் ஆனாலும் எட்டு வாரம் ஆனாலும் ஆசானிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அதுவரை கால்வரிசை பழக அவளை அனுப்பலாம், கம்பு வேண்டாம். சைக்கிளுக்கும் இதே அளவுகோல், ஏனெனில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க முடியாத கை அவளை மறுபடியும் கீழே தள்ளும். இருக்கையில் உட்கார்ந்தபடி இரண்டு பாதங்களும் தரையில் படாத அளவுக்கு அந்தச் சைக்கிள் உயரமானது என்றால், அவள் கை ஆறுவதற்குள் இருக்கையை இறக்கி வையுங்கள்.